எட்டாவது ஆள்

“மைக் ஆன்ல இருக்குன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?” என்றான் சுருட்டை.

“கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேனேடா.”

“காபி கேக்கறீங்கன்னு நெனச்சேன்.”

இருவரும் சிரித்தார்கள். பதினான்கு வருடத்துக்கு முந்தைய கதை. சுருட்டை அப்போது காதலித்துக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா விடும் குறட்டையில் ஓடுபாதை விளக்கெல்லாம் அணைந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். விமானத்தில் இருந்த நூற்று நாற்பது பயணிகளுக்கும் மைக் வழியாக அது கேட்டது. அந்த அப்பா பதினேழாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்கும் எங்க வீட்டுல ராத்திரி தங்க மாட்டார் சார். ‘வேணாம் மாப்பிள்ளை, நான் தூங்கினா விளக்கு அணைஞ்சிடும்’பார்.”

பக்கத்து இருக்கையில் இருந்தவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பின்னால் துப்புரவு ஆட்கள் இருக்கைகளுக்கு நடுவே இயந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மூன்றாவது பயணம். இருபத்தைந்து நிமிடத்தில் திரும்பவும் கிளம்ப வேண்டும். கண்ணாடி வழியாக மத்தியான வெயில் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. மெக்கானிக் வந்து விமானி அறைக் கதவில் பாதி உடம்பை நுழைத்து, “சார், கையெழுத்து” என்று புத்தகத்தை நீட்டினார். நரைத்த தலையைப் பார்த்து நீட்டினார். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, வழக்கமான இடத்தில் போட்டுக் கொடுத்தார். மெக்கானிக் நகலைக் கிழித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வழக்கமான இடம் என்பது, விமானத்தை ஏற்றுக்கொண்டதாகக் கேப்டன் கையெழுத்திடும் கட்டம். பழைய கம்பெனியில் பன்னிரண்டு வருடம் அவர் அதில்தான் போட்டார். இப்போது அது அவருடைய கட்டமல்ல. கேப்டன் சுருட்டை. அவர் துணை விமானி. வலது பக்கத்து இருக்கை, தோளில் மூன்று பட்டை.

சுருட்டை பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அந்தப் பேனா அந்தக் கட்டத்தில் ஓடுவதை ஐந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். அவனுக்கு வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. கதவை மூடச் சொன்னான்.

*

பழைய கம்பெனியில் அவருக்கு முப்பத்தைந்து வயதில் கேப்டன் பதவி வந்தது. சுருட்டை அங்கே அவருடைய துணை விமானி. அப்போது அவன் தலையில் சுருள்வதற்கு நிறைய இருந்தது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

கம்பெனி ஆட்டம் காண ஆரம்பித்தபோது சுருட்டைக்கு முப்பது வயது. “நானும் போறேன், நீங்களும் வந்துடுங்க சார்” என்றான். இவருக்கு நாற்பத்தாறு.

“எனக்கென்னடா அவசரம்? அங்க போய் மறுபடியும் கடைசியிலேர்ந்து நிக்கணுமா?”

சுருட்டை புதிய கம்பெனியில் சேர்ந்தான். இவர் இருந்தார். கம்பெனி இன்னும் பதினான்கு மாதம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அலுவலகக் கதவில் தாள் ஒட்டியிருந்தது. பிறகு இவரும் அதே புதிய கம்பெனிக்குத்தான் வந்தார். விண்ணப்பத்தில் பறந்த மணி நேரத்தை எழுத ஒரு இடம் இருந்தது. பதினோராயிரம் என்று எழுதினார். நேர்முகத்தில் அதைப் பார்த்து ஒருவர் தலையை ஆட்டினார். அத்துடன் அந்த எண்ணுக்கு வேலை முடிந்தது.

விமானிகளின் வரிசை சேர்ந்த தேதியை வைத்து. வேறு எதையும் வைத்தல்ல. எங்கே எத்தனை வருடம் கேப்டனாக இருந்தாலும் புதிய இடத்தில் கடைசி ஆள்தான். அந்தப் பதினான்கு மாதத்தில் கம்பெனி இருநூறு பேரை எடுத்திருந்தது. அவர்களில் பலர் பள்ளிக்கூடப் பையன்கள் போல இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் இவருக்கு முன்னால். துணை விமானிகள் பட்டியலில் இவர் இருநூற்று முப்பத்தொன்று.

முதல் நாள் ஒரு இளம் கேப்டன், “சார், நீங்க அங்க உட்காருங்க” என்று வலது இருக்கையைக் காட்டினார். காட்டியிருக்க வேண்டியதில்லை.

புது விமானம் வந்தால் வரிசை நகரும். யாராவது ஓய்வு பெற்றால் நகரும். நான்கு வருடம் விமானமே வரவில்லை. பிறகு மொத்தமாக வந்தது. அவர் எண் இறங்கியது: நூற்று அறுபது. தொண்ணூற்று மூன்று. நாற்பது. வீட்டில் அவர் எண்ணை யாரும் கேட்பதில்லை. சட்டையை மாட்டும்போதே மனைவிக்குத் தெரிந்துவிடும். அவள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க எண்களைப் பார்த்துவிட்டு வருபவள், வீட்டிலும் எண் எதற்கு என்பாள்.

கேப்டன் பயிற்சிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆள் எடுப்பார்கள். போன முறை ஏழு இடம். அவர் எட்டாவது. அந்த முறை முதல் ஏழு பேரும் அவரிடம் தனித்தனியாக வந்து வருத்தம் தெரிவித்தார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஏழு பேரும் போனபின் அவர்தான் முதலில் நின்றிருக்க வேண்டும். ஆனால் அந்த மாதமே கம்பெனி ஒரு சின்ன நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. அதிலிருந்து வந்தவர்களின் சேர்ந்த தேதியைச் சேர்த்துக் கலக்கினார்கள். மறுபடியும் எட்டு.

இந்த முறை எட்டு இடம்.

ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டால் பயிற்சிக்கு எடுக்க மாட்டார்கள். அறுபதில் ஓய்வு. அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதி அவருக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. பட்டியல் வெள்ளிக்கிழமை வருகிறது.

*

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் சாப்பிட வந்தார். டயர் கடை வைத்திருப்பவர். விரல் நகங்களுக்குள் கறுப்பு எப்போதும் இருக்கும். அதை யாரும் பார்க்காதபோது சுரண்டிக்கொள்வார். தன் நண்பர்களிடம் இந்த மாப்பிள்ளையைப் பதினொரு வருடமாகக் கேப்டன் என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்.

“எனக்கு ஒண்ணு மட்டும் புரியவே மாட்டேங்குது மாப்பிள்ளை. என் கடையில ஆறு பேர் இருக்கான். எவன் நல்லா வேலை செய்யறானோ அவன் மேஸ்திரி. முடிஞ்சுது. உங்களுக்கு ஏன் இவ்வளவு சிக்கல்?”

“எல்லாருமே நல்லா ஓட்டறவங்கதான் மச்சான். நல்லா ஓட்டாதவனை உள்ளயே விட மாட்டாங்க. அப்புறம் எதை வெச்சுப் பிரிக்கறது? தேதிதான்.”

“அப்ப உங்க முன்னாடி நிக்கறவன் செத்தாத்தான் நீங்க நகர முடியும்.”

“செத்தாலும் சரி. ரிட்டயரானாலும் சரி. கண்ணு மங்கினாலும் சரி.”

“நல்ல தொழில்.”

“அண்ணா,” என்றாள் மனைவி, “சாப்பிடற நேரத்துல ஆளுங்களைச் சாகடிக்காதே.”

“நான் எங்கடி சாகடிக்கிறேன். இவர்தான் பட்டியல் வெச்சிருக்கார்.”

அவர் சிரித்தார். அன்றைக்கு எதற்கும் சிரிக்க முடிந்தது.

“இந்தத் தடவை நிச்சயம்தானே?” என்று மச்சான் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “இல்ல, நான் இதுவரைக்கும் சொன்ன பொய்யெல்லாம் நிஜமாகிடும். அதுக்குத்தான் கேக்கறேன்.”

“எட்டு இடம். எட்டாவது ஆள் நான்.”

“எவனாவது நடுவுல புகுந்தா?”

“புக முடியாது. சேர்ந்த தேதிதான்.”

“சரி. அப்ப தப்பே நடக்காது.” மச்சான் கையைக் கழுவப் போனார்.

“பட்டியல் வரட்டும்,” என்றாள் மனைவி. ஆனால் அன்று சாயங்காலம் அவருடைய இரண்டு சட்டைகளுக்குத் தளர்ந்திருந்த பொத்தான்களை எடுத்துத் தைத்தாள். கேட்காமலே செய்தாள்.

*

திங்கட்கிழமை ஆவணப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். மூன்றாவது மாடி, உணவுக்கூடத்தைத் தாண்டி. அறை முழுக்க இளஞ்சிவப்பு நகல் தாள்கள் கட்டுக் கட்டாக. அதிகாரி ஐம்பது வயதுப் பெண். கழுத்து வலிக்காகப் பட்டை போட்டிருந்தார். யாரையாவது பார்க்க வேண்டுமானால் உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது.

“இது உங்க கையெழுத்துதானே சார்?”

பார்த்தார். ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. கையெழுத்து சரியாகவே இருந்தது. பிறகு கட்டத்தைப் பார்த்தார்.

“ஆமாம்.”

“இது கேப்டன் போட வேண்டிய இடம்.”

“ஆமாம்.”

“அப்படின்னா போன வெள்ளிக்கிழமை அந்த விமானம் கேப்டன் ஏத்துக்காமலே பறந்திருக்கு. காகிதத்துல.”

“பழக்கதோஷம்மா. பன்னெண்டு வருஷம் அங்கதான் போட்டிருக்கேன்.”

“தெரியும் சார்.” அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டது போல இருந்தது. “விசாரணை திறந்தாச்சு. கம்ப்யூட்டரே திறந்துடும், நான் இல்லை.”

“எப்ப மூடும்?”

“கமிட்டி மாசத்துக்கு ஒரு தடவை கூடும். இந்த மாசம் கூடி முடிஞ்சுது.”

விசாரணை திறந்திருக்கும் பெயரைப் பயிற்சிப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். இதை அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. இருவரும் அந்த இளஞ்சிவப்புத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கமிட்டிக்குப் போகாம மூட வழி இருக்கா?”

அதிகாரி உடம்பைத் திருப்பிக் கதவைப் பார்த்தார். “கேப்டன் சொல்லி நீங்க போட்டிருந்தா, முழுப் பொறுப்பு அவரோடது. ரெண்டு பேர் வாக்குமூலமும் ஒரே மாதிரி இருந்தா உங்க பேர்ல இருக்கிறது அன்னிக்கே மூடிடும். நான் அப்படி எழுதச் சொல்லலை. விதி என்னன்னு கேட்டீங்க, சொன்னேன்.”

“அவருக்கு என்ன ஆகும்?”

“ஆறு மாசம் கேப்டன் பட்டையைக் கழட்டிடுவாங்க. அப்புறம் மறுபடியும் தேர்வு.”

வாக்குமூலத் தாளைக் கொடுத்தார். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குள் தர வேண்டும்.

*

அன்று மாலையே சுருட்டை போன் செய்தான்.

“சார், என்னையும் கூப்பிட்டாங்க. என் தப்பு சார் இது. புத்தகத்தை நான்ல வாங்கியிருக்கணும்.”

“போட்டது நான்.”

“நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டு இருந்திருக்கேன். சார், நான்தான் போடச் சொன்னேன்னு எழுதிடறேன். உங்க பேரு லிஸ்ட்ல வந்துடும். எனக்கு என்ன, இன்னும் இருபது வருஷம் இருக்கு.”

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். எதிர்வீட்டு மாடியில் ஒருவர் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“சார்? இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“நீங்க எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்கீங்க.”

“யோசிச்சுச் செய்,” என்றார்.

“இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?”

போனை வைத்த பிறகு, தான் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லலாம். மணி ஏழுகூட ஆகவில்லை. அவர் கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை இருவருக்கும் வேலை. வேறு வேறு ஊர்களில்.

புதன்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் தாளை வைத்து எழுதினார். ‘யார் கூறியதன் பேரில்’ என்று ஒரு வரி இருந்தது. மற்ற எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு அதற்கு வந்தார். மனைவி வேலைக்குக் கிளம்பிப் பின்னால் நின்றிருந்தாள்.

“கேப்டன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாம்.”

“நிஜமாவே அவர் போடச் சொன்னாரா?”

“சொன்னேன்னு எழுதறேன்னான்.”

“அதை நான் கேக்கலை.”

அவர் பேனாவை மூடினார். அவள் சிறிது நேரம் நின்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, “அடுப்பு மேல பால் இருக்கு, ஆறினதும் உள்ள வெச்சிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினொன்றரைக்கு மூன்றாவது மாடியில் தாளைக் கொடுத்தார். அதிகாரி அதைப் படிக்கவில்லை. படிக்காமலே ஏற்கெனவே வந்திருந்த இன்னொரு தாளுக்குக் கீழே செருகினார்.

*

வியாழக்கிழமை விமானிகள் அறையில் சுருட்டை நின்றிருந்தான். வானிலைத் தாள் அச்சாகும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். இவரைப் பார்த்ததும் வரவில்லை. இவர்தான் போனார். இயந்திரம் தாள்களைத் துப்பிக்கொண்டிருந்தது. சுருட்டை அவற்றை எடுத்து ஓரம் சேர்த்துத் தட்டினான். மறுபடியும் தட்டினான்.

“ரெண்டு வாக்குமூலமும் வேற வேற மாதிரி இருக்காம் சார்.”

“நீ என்ன எழுதினே?”

“நடந்ததை.”

அவர் இயந்திரத்திலிருந்து வந்த அடுத்த தாளை எடுத்து அவனிடம் நீட்டினார்.

“வீட்டுல பேசினேன் சார். மாமனார்கூட வந்திருந்தார். எல்லாரும் ஒரே பிடியா... சின்னது இந்த வருஷம்தான் ஸ்கூலுக்குப் போகுது. உங்களுக்கு போன் பண்ணணும்னுதான் இருந்தேன்.”

“பண்ணியிருக்கலாம்.”

“பண்ணியிருக்கலாம்.” சுருட்டை தாள்களைக் கீழே வைத்தான். “ஆனா நீங்க அப்படி எழுதுவீங்கன்னு நான் நினைக்கலை சார்.”

“நீதானேடா சொன்னே?”

“சொன்னேன். சொன்னேன்தான். நீங்க வேணாம்பீங்கன்னு...” முடிக்கவில்லை. அவனுக்கு முகம் சிவந்திருந்தது. கோபமா, வெட்கமா என்று இவருக்குத் தெரியவில்லை. இரண்டும் இவருக்கு உரியவைதான்.

“அதிகாரியம்மா என்கிட்ட கேட்டாங்க சார், ‘உங்க பழைய கேப்டன் பொய் சொல்வாரா’ன்னு.”

“நீ என்ன சொன்னே?”

“தெரியாதுன்னேன்.”

ஒரு பணிப்பெண் வந்து, “கேப்டன், வண்டி வந்தாச்சு” என்றாள். இருவரும் திரும்பினார்கள். சுருட்டை தொப்பியை எடுத்துக்கொண்டு போனான்.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டியல் எல்லோருடைய போனுக்கும் வந்தது. எட்டுப் பெயர். எட்டாவதாக இருந்தவள் இருபத்தொன்பது வயதுப் பெண். முந்தின நாள் வரை ஒன்பதாவது. அவளுடைய பெயருக்கு மேல் ஒரு வெற்று வரிகூட இல்லை. ஏழுக்குப் பிறகு நேராக அவள்.

மதியம் இன்னொரு கடிதம் வந்தது. முரண்பட்ட வாக்குமூலம் குறித்து அடுத்த மாதம் இருபத்தேழாம் தேதி கமிட்டி முன் வர வேண்டும். அதுவரை வழக்கம்போலப் பணியில் தொடரலாம்.

மனைவி ஆறு மணிக்கு வந்தாள். காலணியைக் கழற்றிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். முகம் கழுவிவிட்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இனிமே இல்லையா?”

“இனிமே இல்லை.”

“ரெண்டு வருஷம் இப்படியே ஓடிடுமா?”

“ஓடிடும்.”

“அந்தப் பிள்ளை என்ன சொன்னார்?”

“நான் அப்படி எழுதுவேன்னு நினைக்கலையாம்.”

அவள் மேசை விரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். “நானும்தான்,” என்றாள். பிறகு, “நானும்தான் நின்னு பார்த்துட்டுப் பேசாம போனேன். நீங்க எழுதினது பலிக்கட்டும்னு வழியெல்லாம் நினைச்சுக்கிட்டே போனேன்” என்றாள்.

அவளுடைய போன் அடித்தது. அண்ணன். எடுத்தாள். “இல்லண்ணா. லிஸ்ட் இன்னும் வரலை. தூங்கறார். சொல்றேன்.” அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். “இல்லண்ணா, யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம். நீ எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லிக்கோ.”

*

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்குப் பணிக்கு வந்தார். கேப்டனுக்கு முப்பத்து மூன்று வயது. முன்பு ஒரு முறை சேர்ந்து பறந்திருக்கிறார்கள். நான்கு பயணம். முதலாவது பனிமூட்டத்தால் நாற்பது நிமிடம் தாமதம். இரண்டாவதை இவர் இறக்கினார். பக்கக் காற்றின் வேகம் பன்னிரண்டு நாட். மூன்றாவதில் ஒரு பயணிக்கு மூச்சுத்திணறல். இறங்குமிடத்தில் மருத்துவர் வந்து பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். இடையில் ரொட்டியும் முட்டையும் கொடுத்தார்கள். கேப்டன் புதிதாக வாங்கப்போகும் வீட்டைப் பற்றிப் பேசினார். தண்ணீர் வசதி எப்படி என்று இவர் கேட்டார். நான்காவது நேரத்துக்கு வந்தது. மூன்றரைக்கு வேலை முடிந்தது. நிறுவனத்தின் வண்டியில் ஐந்து பேர் இருந்தார்கள். இவர் மூன்றாவதாக இறங்கினார்.

வழியில் மருந்துக்கடையில் இரத்த அழுத்த மாத்திரை வாங்கினார். பத்துதான் இருந்தது, மீதி திங்கட்கிழமை வரும் என்றார்கள். நாலேகாலுக்கு வீட்டுக்கு வந்தார். அடுத்த வாரத்து ரோஸ்டர் வந்திருந்தது. ஞாயிறு விடுமுறை. திங்கள், செவ்வாய், புதன் வேலை.